இறுகக் கட்டும் டையைத் தளரத் தைப்பது எப்படி

வேலூர் தோட்டப்பாளையத்தில் என் தையற்கடை இருக்கிறது. சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருப்பதால், மருந்து நிறுவனங்களின் பிரதிநிதிகள் தோளில் கனத்த பையும் கழுத்தில் டையுமாகக் காலையிலேயே தெருவில் வந்துவிடுவார்கள். சித்திரை வெயிலிலும் அந்த டை அவிழ்வதில்லை. பல ஆண்டுகளுக்கு முன் அவர்களில் ஒருவர் பின்பக்கத் தையல் விட்டுப்போன டையைக் கொண்டுவந்து அவசரமாகத் தைத்துத் தரச் சொன்னார். நான் மிஷினில் வைத்து நேராக ஓட்டிக் கொடுத்துவிட்டேன். மாலையில் திரும்ப வந்தார். முடிச்சுப் போட்டால் டை கயிறுபோல முறுக்கிக்கொண்டது. தையல் ஓடிய இடமெல்லாம் சுருக்கம் விழுந்திருந்தது.

அன்றிரவு அதை முழுவதும் பிரித்துப் பார்த்தேன். காலையில் நான் நறுக்கி எறிந்த ஒரு நூல் நினைவுக்கு வந்தது. குறுகிய முனைக்கு உள்ளே ஒன்றரை இஞ்ச் நீளத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்த அந்த நூலைப் பிசிறு என்று நினைத்திருந்தேன். அது பிசிறு அல்ல. டையின் உயிரே அந்த நூலில்தான் இருந்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் வெட்டு, மடிப்பு, கான்வாஸ் எல்லாம் அந்தத் தளர்ந்த நூல் தன் வேலையைச் செய்வதற்கான ஏற்பாடுகள்தான்.

மிஷினில் நேராக ஓட்டவும், கையால் ஹெம்மிங் போடவும் தெரிந்தவர் எவரும் டை தைக்கலாம். முதல் டைக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஒதுக்குங்கள்.

முதலில் ஒன்றைப் பிரியுங்கள்

வீட்டில் யாரும் கட்டாத பழைய டை ஒன்று இருக்கும். பள்ளிப்பிள்ளைகளின் எலாஸ்டிக் டை வேண்டாம்; பெரியவர்கள் கட்டும் டையாக எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் திருப்பினால் நீளவாக்கில் நடுவில் ஒரு தையல் தெரியும். அகன்ற முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, குறுக்கே தடித்த தையல் ஒன்று இருக்கும். குறுகிய முனைப் பக்கமும் அதுபோல ஒன்று உண்டு. இந்தக் குறுக்குத் தையல்களைக் கூர் பிளேடால் வெட்டிவிட்டு நடுநூலை இழுத்தால் டை விரிந்துவிடும்.

விரித்த துணியைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மூன்று இஞ்ச் அகலப் பட்டைக்குள் ஏழு இஞ்சுக்கும் மேலான துணி மடிந்திருக்கும். அது ஒரே துண்டாக இருக்காது; அகன்ற முன்துண்டு, கழுத்தைச் சுற்றும் நடுத்துண்டு, மெல்லிய வால்துண்டு என்று மூன்று துண்டுகள் சாய்வாக இணைக்கப்பட்டிருக்கும். உள்ளே கம்பளி போன்ற ஒரு நீளப் பட்டை தனியாகக் கிடக்கும், அதுதான் கான்வாஸ். இரண்டு முனைகளிலும் பின்பக்கம் லைனிங் துணி தைக்கப்பட்டிருக்கும். இவற்றோடு வாலைச் செருகி வைக்கும் சிறிய துணி வளையம் ஒன்று. டை என்பது இவ்வளவுதான். பிரித்த துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றைத் தேய்த்து, அட்டையில் வைத்து வரைந்துகொண்டால் அதுவே உங்கள் முதல் மாதிரி.

கிராஸ் என்ற ஒரே ரகசியம்

பிளவுஸுக்குப் பைப்பிங் வைத்தவர்களுக்குக் கிராஸ் துணி என்றால் தெரியும். துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கும் குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கும் நடுவே 45 பாகைச் சாய்வில் வெட்டுவது அது. அந்தச் சாய்வில் துணி இழுத்தால் நீளும், விட்டால் திரும்பிவிடும். வளைவில் மடிப்பு விழாமல் படியும். டையைத் தினமும் இழுக்கிறோம், முறுக்குகிறோம், முடிச்சில் நசுக்குகிறோம். நேர்வாக்கில் வெட்டிய டை இதைத் தாங்காது. சில நாட்களிலேயே உருக்குலைந்து, தொங்கும்போது ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும்.

கழுத்துத் துணியின் கதை பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சில் போரிட்ட குரோவேஷியக் கூலிப்படையினரிடம் தொடங்குகிறது. அவர்கள் கழுத்தில் சுற்றிய துணியைப் பார்த்துத்தான் பிரெஞ்சுக்காரர்கள் ‘கிரவாத்’ என்ற பெயரையே உண்டாக்கினார்கள். ஆனால் இன்று நாம் கட்டும் டையின் உடம்பு மிகவும் பிற்காலத்தது. நியூயார்க்கில் டை தயாரித்துவந்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப், துணியைக் கிராஸாக மூன்று துண்டுகளாய் வெட்டி இணைக்கும் முறைக்கு 1920-களில் காப்புரிமை பெற்றார். அதற்குப் பிறகு இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஒரு தையல்காரரின் வெட்டு நூறு ஆண்டுகள் அப்படியே நிற்பது எனக்குப் பெரிய மரியாதையைத் தருகிறது.

பழகுவதற்கு நான் யாருக்கும் பட்டு தருவதில்லை. குடியாத்தம் கைத்தறி லுங்கி ஒன்று வாங்குங்கள். கட்டம் போட்டதாக இருக்கட்டும். கட்டங்கள் பாவையும் ஊடையையும் கண்ணுக்குக் காட்டிவிடும். கட்டத்தின் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், கட்டம் சதுரமாக இருக்கும்வரை அதுதான் சரியான கிராஸ். வெட்டிய துண்டில் சதுரங்கள் எல்லாம் வைரமாக நிற்க வேண்டும். வைரம் சாய்ந்து தெரிந்தால் வெட்டும் சாய்ந்துவிட்டது என்று பொருள். லுங்கியைத் தண்ணீரில் நனைத்து, காய வைத்து, தேய்த்த பிறகே வெட்டுங்கள். கஞ்சி இருக்கும் துணி பொய் சொல்லும்.

கை பழகிய பிறகு பட்டுக்கு வாருங்கள். எனக்குப் பிடித்தது ஆரணிப் பட்டு. பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் போய்விட்டது, ஆனால் வேலூர்க்காரர்களுக்கு அது இன்னும் பக்கத்து வீடுதான். கனத்த காஞ்சிபுரம் புடவைத் துணியை நான்காக மடித்தால் முடிச்சு கட்டைவிரல் அளவுக்கு உருண்டுவிடும். ஆரணிச் சேலையின் இலேசான உடல் டைக்கு நன்றாகப் பொருந்துகிறது. அம்மாவின் பழைய சேலையில் பிள்ளைக்கு டை தைத்துத் தரச் சொல்லிப் பலர் வருகிறார்கள். அப்படித் தைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய பட்டு மடிப்பு மடிப்பாக விட்டுப்போகும். இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்துப் பாருங்கள். கிழியும் சேலையில் டை நிற்காது. ஜரிகைக் கரையையும் முந்தானையையும் விட்டுவிட்டு, உடலிலேயே அதிகம் மடிபடாத இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

அளவும் வெட்டும்

நாற்பத்து நான்கு இஞ்ச் அகலத் துணி முக்கால் மீட்டர் போதும். முதல் டைக்கு ஒரு மீட்டராக வைத்துக்கொள்ளுங்கள்.

முன்துண்டின் நீளம் 29 இஞ்ச். அதன் அகலம், முனைக்குச் சற்று மேலே ஏழரை இஞ்ச். மேலே போகப்போகக் குறைந்து மூன்றே முக்கால். நடுத்துண்டு 15 இஞ்ச் நீளம்; மூன்றே முக்காலில் தொடங்கி மூன்றே காலில் முடியும். வால்துண்டு 17 இஞ்ச் நீளம். மூன்றே காலில் தொடங்கி முனையருகில் நாலே காலுக்கு விரியும். நீளத்தை எல்லாம் நடுக்கோட்டில் அளக்க வேண்டும். இணைப்பும் முனைத்தையலும் போக 58, 59 இஞ்ச் நீளமும், முன்பக்கம் மூன்றே கால் இஞ்ச் அகலமும் உள்ள டை கிடைக்கும். அலுவலகத்துக்கும் நேர்காணலுக்கும் கட்டும் சாதாரண அளவு இது.

முனையை 90 பாகைக் கூராக வரையுங்கள். இங்கே ஓர் அழகு இருக்கிறது. துண்டு சரியான கிராஸில் இருந்தால், அந்தக் கூரின் இரண்டு விளிம்புகளும் தாமாகவே ஒன்று பாவு நூல் வழியாகவும், மற்றது ஊடை நூல் வழியாகவும் போகும். விளிம்பிலிருந்து ஒரு நூலை உருவிப் பாருங்கள். அது முனை வரைக்கும் அறுபடாமல் வந்தால் உங்கள் வெட்டு சரி.

துணியை இரட்டையாக மடித்து வெட்டக் கூடாது. மேசையில் ஒற்றையாக, நல்ல பக்கம் மேலே இருக்கும்படி விரித்து, மூன்று துண்டுகளையும் ஒரே சாய்வில் வையுங்கள். துணியை மிச்சப்படுத்த ஒரு துண்டை எதிர்ச்சாய்வில் திருப்பி வைக்கும் ஆசை வரும். நானும் அப்படிச் செய்து ஒரு பட்டுத் துண்டை வீணாக்கியிருக்கிறேன். இணைத்த பிறகு கழுத்துப் பகுதியில் துணியின் மினுமினுப்பே வேறாகத் தெரிந்தது. கோடுபோட்ட துணியாக இருந்தால் சாய்வு இன்னும் முக்கியம். ஆங்கிலேயப் படைப்பிரிவு டைகளில் கோடு அணிபவரின் இடத்தோளிலிருந்து வலப்புறமாகக் கீழே இறங்கும். அமெரிக்க டைகளில் எதிர்ப்புறமாக இறங்கும். எது வேண்டும் என்று கேட்டுவிட்டுக் கத்தரியை எடுங்கள்.

கான்வாஸ்

கான்வாஸ் என்றதும் சட்டைக் காலருக்கு வைக்கும் விறைத்த ஒட்டுத்துணி நினைவுக்கு வரலாம். அதை டைக்குள் வைக்கவே கூடாது. இஸ்திரிச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் எதுவும் கிராஸ் துணியின் நெகிழ்வைப் பூட்டிவிடும். கம்பளிக் கலப்புள்ள மெத்தென்ற உள்துணி வேண்டும். கம்பளி தன் சுருக்கத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். காலையில் முடிச்சில் நசுங்கிய டை இரவெல்லாம் தொங்கி மறுநாள் நேராவது அதனால்தான். கோட்டு தைக்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் பழைய கம்பளிச் சால்வை ஒன்றை அறுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பட்டுக்குத் தடித்த கான்வாஸ், தடித்த துணிக்கு மெல்லிய கான்வாஸ்.

இதையும் கிராஸில்தான் வெட்ட வேண்டும். அகலம் மட்டும் முடிந்த டையின் அகலமே: முன்புறம் மூன்றே கால், கழுத்தில் ஒன்றே கால், வாலில் ஒன்றே முக்கால். துணியை எங்கே மடிப்பது என்பதை இந்தப் பட்டைதான் சொல்லப்போகிறது. ஆகவே இதன் ஓரம் நேராக இல்லாவிட்டால் டையின் ஓரமும் நேராக இருக்காது. நீளம் போதாவிட்டால் கழுத்துப் பகுதியில் ஒன்றன்மேல் ஒன்றாக அரை இஞ்ச் ஏற்றி, வளைந்து வளைந்து போகும் தையலால் இணைக்கலாம்.

இணைப்பும் முனையும்

மூன்று துண்டுகளின் இணைப்பு முனைகளும் 45 பாகைச் சாய்வில் இருக்க வேண்டும். பைப்பிங் பட்டிகளை ஒட்டுவது போலவே, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, இரண்டு துண்டுகளும் செங்கோணமாக நிற்கும்படி வைத்துக் கால் இஞ்சில் தைத்து, தையலைப் பிரித்துத் தேயுங்கள். சாய்ந்த இணைப்பில் தையலின் தடிமன் ஒரே இடத்தில் குவியாது.

முனை லைனிங்தான் புதியவர்கள் பொறுமை இழக்கும் இடம். முனையின் வடிவிலேயே, ஆனால் இரு சாய்ந்த விளிம்புகளிலும் ஒரு நூல் இஞ்ச் குறைவாக, லைனிங்கைக் கிராஸில் வெட்டுங்கள். நூல் இஞ்ச் என்று நம் தச்சர்கள் சொல்வது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. சிறிய லைனிங்கைப் பெரிய துணியோடு விளிம்பு பொருத்தித் தைக்கும்போது லைனிங்கைச் சற்று இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். அந்த இழுப்பினால்தான், திருப்பிய பிறகு மேல்துணி பின்பக்கமாக உருண்டு லைனிங் முன்னால் எட்டிப்பார்க்காமல் இருக்கும். கூர்முனைக்கு வந்ததும் சட்டென்று திரும்பாமல், குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டுவிட்டு அடுத்த விளிம்பில் இறங்குங்கள். ஓரத்தை நூல் இஞ்சுக்கு நறுக்கித் திருப்புங்கள். கூரை வெளியே தள்ளக் கத்தரி முனையைப் பயன்படுத்தாதீர்கள். மொட்டையான மூங்கில் குச்சி போதும்.

ஒற்றை நூல்

இனிதான் உண்மையான வேலை. இதற்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, நீளமான மேசையில் அல்லது தரையில் பாய் விரித்து உட்காருவேன்.

டையின் உட்பக்கம் மேலே இருக்கும்படி விரியுங்கள். கான்வாஸை நடுவில் கிடத்தி, அதன் கூர்முனையை லைனிங்குக்கு அடியில் முனைவரை செருகுங்கள். முதலில் வலப்பக்கத் துணியைக் கான்வாஸ் ஓரத்தோடு ஒட்டி உள்ளே மடியுங்கள். அடுத்து இடப்பக்கத்தை அதன்மேல் கொண்டுவந்து, மிச்சத்தை உள்ளே திருப்பி, மடிப்பு விளிம்பு சரியாக நடுவில் ஓடும்படி வையுங்கள். குண்டூசிகளைக் குறுக்காகக் குத்துங்கள். இழுக்கக் கூடாது. துணி தானாகக் கிடக்கும் நிலையிலேயே, பிறகு பிரித்துவிடும் கச்சாத் தையல் போட்டுவிட்டு ஊசிகளை எடுத்துவிடுங்கள்.

இரண்டு கஜம் உறுதியான நூலை ஒற்றையாகக் கோத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. முழுத் தையலும் ஒரே நூலில் ஓட வேண்டும். அகன்ற முனையிலிருந்து ஆறரை இஞ்ச் தள்ளி நூலை உறுதியாகக் கட்டித் தொடங்குங்கள். ஊசி மேல் மடிப்பின் உள்ளே அரை இஞ்ச் ஓடி வெளியே வர வேண்டும். கீழே உள்ள துணியையும் கான்வாஸின் மேல் இழையையும் இலேசாகப் பிடிக்க வேண்டும். மீண்டும் மடிப்புக்குள் நுழைய வேண்டும். டையின் முன்பக்கத் துணியை ஊசி தொடவே கூடாது. கான்வாஸுக்கு அடியில் இடக்கை விரல் ஒன்றை வைத்துக்கொண்டால், ஊசி ஆழமாகப் போவது விரலுக்குத் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு தையலையும் இறுக்கும் பழக்கம் நம் கையில் ஊறியிருக்கிறது. ஹெம்மிங் போட்ட கை, பொத்தான் தைத்த கை, நூலை இழுத்து முடித்தால்தான் நிம்மதி அடையும். இங்கே அந்தப் பழக்கத்தை விட வேண்டும். நூல் துணிக்குள் சும்மா படுத்திருக்கட்டும். நான்கு தையலுக்கு ஒருமுறை டையை மெல்ல நீட்டிப் பாருங்கள். நூல் துணியோடு சேர்ந்து நகர வேண்டும்.

வால்முனைக்கு மூன்று இஞ்ச் இருக்கும்போது நிறுத்துங்கள். நூலை ஒட்ட நறுக்காமல் ஒன்றரை இஞ்ச் மிச்சம் விட்டு, அதன் நுனியில் ஒரு முடிச்சுப் போட்டு உள்ளே தள்ளுங்கள். கழுத்தில் முடிச்சை இறுக்கும்போது கிராஸ் துணி நீளும். அப்போது இந்த மிச்ச நூல் கொஞ்சம் உள்ளே ஓடி இடம் கொடுக்கும். மிச்சம் இல்லாவிட்டால் துணி நீளும், நூல் நீளாது. துணி சுருங்கும் அல்லது நூல் அறும். அன்று நான் கெடுத்த டைக்கு நடந்தது இதுதான்.

கச்சாத் தையலைப் பிரித்துவிட்டு, நடுத்தையல் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் குறுக்குத் தையல் போடுங்கள். கால் இஞ்ச் அகலத்துக்கு நாலைந்து முறை நூலோட்டி, அதன்மேல் காஜா எடுப்பது போல நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். இது இறுக்கமாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். டை முழுவதிலும் பலத்தைத் தாங்கும் இடங்கள் இவை இரண்டுதான். வால்முனையில் மிச்ச நூலையும் சேர்த்துப் பிடித்துவிடாதீர்கள். பிறகு, முன்துண்டின் பின்பக்கம் குறுக்குத் தையலுக்குச் சற்று மேலே, அதே துணியில் முக்கால் விரல் அகலத்துக்குத் தைத்த வளையத்தை, வால் தாராளமாக நுழையும்படி வைத்துத் தையுங்கள்.

தேய்ப்பு

டையின் ஓரம் கத்தி மடிப்பாக இருக்கக் கூடாது, உருண்டிருக்க வேண்டும். வேட்டி மடிப்பைப் போல அழுத்தித் தேய்த்தால் இதுவரை செய்த வேலை போயிற்று. ஈரப் பருத்தித் துணி ஒன்றை மேலே போர்த்தி, இஸ்திரிப் பெட்டியைப் படாமல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். பட்டின்மேல் நேராகத் தண்ணீர் தெளித்தால் வட்டம் வட்டமாகக் கறை நிற்கும். ஆவி ஏறியதும் உள்ளங்கையால் தட்டிக்கொடுத்து, ஆறும்வரை தொடாதீர்கள்.

பிறகு டையின் நடுவை விரலில் தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் முறுக்காமல் நேராகத் தொங்கினால் நல்லது. முறுக்கினால் பெரும்பாலும் வெட்டில்தான் பிழை. சில வேளைகளில் நடுத்தையல் இறுகியிருக்கும். அதைப் பிரித்து மீண்டும் போட்டால் சரியாகிவிடும்.

பள்ளி டைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஜூன் மாதத்தில் வேலூரில் விற்கும் டைகளில் பெரும்பாலானவை அவைதான். அது வேறு பொருள். பாலியஸ்டர் துணி, முடிச்சு முன்பே போட்டுத் தைத்தது, கழுத்துக்கு எலாஸ்டிக். ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு, இழுத்தால் நீளும் அந்த எலாஸ்டிக்தான் நல்லது. அதில் இந்த முறைகளைப் புகுத்த வேண்டாம்.

நீளம் குறித்து ஒரு வார்த்தை. கட்டி முடித்ததும் முன்முனை பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும். உயரமானவர்களுக்கும் தடித்த கழுத்துள்ளவர்களுக்கும் 58 இஞ்ச் போதாது. அப்போது முன்துண்டைத் தொடாதீர்கள். அதன் சரிவு மாறினால் முடிச்சின் வடிவமும் மாறிவிடும். வால்துண்டில் இரண்டு அல்லது மூன்று இஞ்ச் கூட்டி, கான்வாஸையும் அதே அளவு நீட்டுங்கள். நடுத்தையலுக்கான நூலையும் அதற்கேற்பக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.